கிட்டங்கியை வீடாக்குவோர் கேட்டவை

கட்டடம்: கேள்வி பதில்

துறைமுகத்தை அண்டிய பழைய கிட்டங்கிகளை உயர்ந்த கூரை, திறந்த கூடம், பாதியில் ஓர் இடைத்தட்டு என்று லொஃப்ட் பாணிச் சொகுசு வீடுகளாக மாற்றும் எண்ணம் திருகோணமலையில் பலருக்கு இருக்கிறது. கேள்வி அனுப்பும்படி கடந்த இதழில் கேட்டிருந்தோம். பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தெரிந்தெடுத்திருக்கிறோம். கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரும் பழைய கட்டடப் புதுப்பிப்பில் ஈடுபடும் கட்டடக் கலைஞர் ஒருவரும் பதில் தருகிறார்கள். காணிச் சட்டம் பற்றிய பதில் ஒரு நொத்தாரிசுடையது.

கே: அப்பப்பாவின் கிட்டங்கி எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. சுவர் ஒன்றரை அடித் தடிப்பு. பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, செங்கல்லும் கல்லும் தெரியும்படி வார்னிஷ் அடித்து விட ஆசை. சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்கு உவர் பூத்து உதிர்கிறது. அதற்குச் சீமெந்து பூசினால் நிற்கும் என்கிறார் மேசன். சரிதானா ஐயா?
— வாசகி, உவர்மலை

ப: இரண்டும் வேண்டாம் அம்மா. கொத்துவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

எங்கள் கரையோரப் பழைய சுவர்களில் செங்கல், கருங்கல், முருகைக்கல் எல்லாம் கலந்திருக்கும். இடையில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அந்தச் செங்கல் குறைந்த சூட்டில் சுட்டது, மென்மையானது. பூச்சு மேலே இருக்கும் என்று நம்பியே அதை வைத்துக் கட்டினார்கள். பூச்சை உரித்தால் வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு நேரே கல்லுக்குள் போகும். உப்பு நீரில் கரைந்து உள்ளே போய், காயும்போது பளிங்காகி விரிந்து, கல்லின் முகத்தைத் தள்ளிவிடும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தரையில் சிவப்புத் தூள் கிடக்கும். வார்னிஷ் அடித்தால் உப்பு அதற்குப் பின்னால் சேர்ந்து, செங்கல்லின் முகத்தையே தகடு தகடாகக் கழற்றிக்கொண்டு வரும்.

சீமெந்துப் பூச்சின் தீமையும் இதே வழியில்தான் வருகிறது. சுண்ணாம்புச் சுவர் மண்பானையைப் போல ஈரத்தை வெளியே விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். அடியில் மூன்றடிக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். இப்போது மூன்றடியில் உள்ள உவர் ஐந்தடியில் பூக்கும். சீமெந்தும் சில வருடங்களில் பாளமாகக் கழன்று விழும், விழும்போது பழைய கல்லின் மேற்பரப்பையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

செய்ய வேண்டியது இது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வெளியே நிலம் உயர்ந்து உள்தரையை மூடியிருக்கும், அல்லது பீலி உடைந்து கூரைத் தண்ணீர் சுவரடியில் விழும். வெளிநிலத்தை உள்தரையிலிருந்து குறைந்தது 6 அங்குலம் தாழ்த்தி, சுவரோரமாக ஓர் அடி அகலத்துக்குச் சல்லி நிரப்பிய வடிகால் வெட்டுங்கள். உதிரும் பூச்சை மட்டும், ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை, கையால் கொத்தி எடுங்கள். இயந்திரம் வேண்டாம். உப்பை நாரிழைத் தூரிகையால் உலரத் தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அந்த உப்பு முழுவதும் திரும்ப உள்ளே போய்விடும்.

பிறகு காய விடுங்கள். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர், இரு பக்கமும் திறந்திருந்தால்கூட ஒன்பது மாதம் எடுக்கும். இந்தப் பொறுமைதான் பலரிடம் இல்லை. அவசரப்பட்டுப் பூசி, அடுத்த மாரியில் அழுகிறார்கள்.

பூச்சுக்கு: நன்றாக ஊறிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, கழுவிய கூரான ஆற்று மணல் 2½ பங்கு, செங்கல் தூள் ½ பங்கு. கடல் மணலை எந்த நிலையிலும் சேர்க்காதீர்கள். மகாவலி மணல் என்று சொல்லித் தந்தாலும் ஒரு போத்தலில் பாதி மணலும் பாதி நீரும் விட்டுக் குலுக்கி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். மேலே படியும் சேறு மணலில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். சுட்ட சுண்ணாம்பு நீற்றும்போது நீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின்மேல் நீர் ஊற்றக்கூடாது. கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கண்ணாடி அணியுங்கள். நீற்றிய களி குறைந்தது ஒரு மாதம் நீருக்கடியில் கிடக்கட்டும்.

ஒரு தடவையில் 10 மில்லிமீற்றருக்கு மேல் பூசாதீர்கள். பூசிய இடத்தை ஈரச் சாக்கால் மறைத்து ஏழு நாள் ஈரமாக வைத்திருங்கள். கச்சான் வீசும் நாளில் மறைப்பில்லாமல் பூசினால் மாலைக்குள் வெடித்துவிடும். இரண்டாம் பூச்சு இரண்டு கிழமை கழித்து. அதற்குமேல் நீர்த்த சுண்ணாம்பை நான்கைந்து தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடியுங்கள். பிளாஸ்ரிக் கலந்த எமல்ஷன் பெயின்ற் வேண்டாம், அதுவும் ஈரத்தை அடைக்கும்.

கல் தெரியத்தான் வேண்டும் என்றால், மழை படாத உட்சுவர் ஒன்றில், உவர் இல்லாத மேற்பகுதியில், ஒரு சிறு பரப்பைத் திறந்து சுண்ணாம்புச் சாந்தால் இடைவெளிகளை நிரப்பி விடுங்கள். அழகாகத்தான் இருக்கும்.

கே: சுவர் 16 அடி உயரம். உள்ளே இடைத்தட்டுப் போட்டு மேலே இரண்டு படுக்கையறை எடுக்கலாமா? தச்சர் பழைய சுவரில் ஓட்டை போட்டு வளைகளைச் சொருகலாம் என்கிறார். கூரையின் குறுக்குத் தீராந்திகள் தலையில் இடிக்கும், அவற்றை வெட்டிவிடலாம் என்றும் சொல்கிறார்.
— வாசகர், திருக்கடலூர்

ப: குறுக்குத் தீராந்தியில் வாளை வைக்காதீர்கள். ஓட்டுக் கூரையின் பாரம் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இரண்டு சுவர்களையும் பிடித்து இழுத்து வைத்திருப்பது அந்தத் தீராந்திதான். சுண்ணாம்புச் சுவர் பாரத்தைத் தாங்கும், பக்கத் தள்ளலைத் தாங்காது. வெட்டினால் அன்றே விழாது. மெல்ல மெல்ல முகடு தாழும், சுவரின் மேற்பகுதியில் நெடுக்கு வெடிப்பு வரும், ஓடுகள் விலகி ஒழுகும். வேறெங்கோ காரணம் தேடுவீர்கள்.

உயரக் கணக்கைப் பாருங்கள். 16 அடி என்றால் ஏறத்தாழ 4.9 மீற்றர். கீழே 2.4 மீற்றர் வேண்டும். தட்டின் தடிப்பு 0.3 மீற்றர். மேலே மிஞ்சுவது 2.2 மீற்றர். தீராந்தி சுவர்த் தலையில் உட்கார்ந்திருந்தால் அதன் அடியில் நின்று நடக்க அது போதும். அதற்கும் கீழே தொங்கினால் உயரமானவர் தலை இடிக்கும். ஆகவே தட்டைத் தீராந்திகளுக்கு இடைப்பட்ட பாகங்களில் அறைகளாகவும், தீராந்திக்கு நேர் கீழே கட்டில் தலைமாடு, அலுமாரி என்று நடமாட்டம் இல்லாதவையாகவும் அமையுங்கள். முழுப் பரப்பையும் மூடாதீர்கள். பாதிக்குமேல் மூடினால் கிட்டங்கியின் உயரம் போய், சாதாரண இரண்டு மாடி வீட்டின் இருண்ட கீழ்த்தளம்தான் மிஞ்சும்.

சுவரில் சொருகுவதும் வேண்டாம். ஈரச் சுவருக்குள் இருக்கும் மர நுனிதான் முதலில் உக்கும். கறையானும் அங்கிருந்தே ஏறும். தட்டு தன் சொந்தக் கால்களில் நிற்கட்டும். 100 × 100 × 5 மில்லிமீற்றர் சதுரக் குழாய்த் தூண்கள், அவற்றின்மேல் ஐ பீம்கள், அவற்றுக்கு இடையில் 3 மீற்றர் வரையான இடைவெளிக்கு 50 × 150 மில்லிமீற்றர் முதிரை அல்லது தேக்கு வளைகள் 400 மில்லிமீற்றருக்கு ஒன்று. சுவருக்கும் தட்டுக்கும் இடையில் 25 மில்லிமீற்றர் விடுங்கள், காற்றோட்டமும் இருக்கும், சுவர் அசைந்தாலும் தட்டு இழுபடாது. இந்த அளவுகளை வைத்து விலை பார்க்கலாம். கட்டுவதற்கு முன் பட்டயப் பொறியியலாளர் ஒருவர் உங்கள் கட்டடத்துக்கெனக் கணித்துக் கையொப்பமிட வேண்டும்.

கொங்கிறீற் தட்டுக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40 சதுர மீற்றர் மரத்தட்டின் சொந்த நிறை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 60 கிலோ. மனிதர், தளபாடத்துக்கென 150 கிலோ. மொத்தம் 8.4 தொன். அதே பரப்பில் 125 மில்லிமீற்றர் கொங்கிறீற்றும் தரை ஓடும் போட்டால் சதுர மீற்றருக்கு 550 கிலோ, மொத்தம் 22 தொன். ஆறு தூண்களில் மரத்தட்டுக்கு ஒவ்வொன்றிலும் 1.4 தொன், கொங்கிறீற்றுக்கு 3.7 தொன். கடலோர மணல் நிலத்தில் சதுர மீற்றருக்கு 10 தொன் என்று அடக்கமாக எடுத்தால், இரண்டடிச் சதுர அத்திவாரம் முதலாவதுக்குத் தாராளம், இரண்டாவதுக்கு மட்டுமட்டு, மிச்சம் வைக்காது. பெரிதாகத் தோண்டினால் பழைய சுவரின் அடிமண் சரியும். தூண் குழியைச் சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளியே வெட்டுங்கள், பழைய அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகாதீர்கள்.

கே: உப்புவெளியில் எங்கள் லொஃப்ட் வீட்டின் மேல்தட்டில் ஆனி, ஆடியில் படுக்கவே முடியவில்லை. 12,000 பிரியூ குளிரூட்டி இரவு பகலாக ஓடுகிறது. மேற்குப் பக்கத்துப் பெரிய சரக்குக் கதவை எடுத்துவிட்டு முழுக்கக் கண்ணாடி போட்டோம். அதுதான் காரணமா?
— வாசகர், உப்புவெளி

ப: பெரும்பங்கு அதுதான். நியூயோர்க்கின் சோஹோவில் உள்ள லொஃப்ட் வீடுகள் பழைய தொழிற்சாலைகளும் சரக்கு மாடிகளும். 1960களில் ஓவியர்கள் வாடகை மலிவென்று சட்டத்துக்கு மாறாகக் குடியேறினார்கள். 1971இல் கலைஞர்களுக்கு அங்கே வசிக்க அனுமதி கிடைத்தது, 1982இல் லொஃப்ட் சட்டம் வந்தது. அந்தக் கட்டடங்களின் பெரிய யன்னல்கள், மின்விளக்குப் பரவாத காலத்தில் உள்ளே வேலை செய்யப் பகலொளி வேண்டும் என்று வைக்கப்பட்டவை. அது 40 பாகை வட அகலாங்கு, குளிர்காலத்தில் வெயில் உள்ளே வந்தால் வரவேற்பார்கள். நாங்கள் 8½ பாகையில் இருக்கிறோம். இங்கே கிட்டங்கி கட்டியவர்கள் தடித்த சுவரும் சிறிய உயர யன்னலும் கனத்த மரக்கதவும் வைத்தது வெயிலை வெளியே நிறுத்தத்தான். பிரட்ரிக் கோட்டைக்குப் போகும் வழியில் அருங்காட்சியகமாக இருக்கும் ஒல்லாந்தர் கால ஆணையாளர் இல்லத்தின் விறாந்தையில் பிற்பகலில் நின்று பாருங்கள், சுவரில் வெயில் விழாமல் பார்த்துக்கொண்டது தெரியும்.

உங்கள் கண்ணாடியைக் கணக்கிடுவோம். மாலை நான்கு மணி மேற்கு வெயிலில் சாதாரணக் கண்ணாடி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 500 வாற்றை உள்ளே விடும். கதவு 7 சதுர மீற்றர் என்றால் 3.5 கிலோவாற். 12,000 பிரியூ குளிரூட்டி வெளியே தள்ளக்கூடிய வெப்பமும் 3.5 கிலோவாற்தான். அந்த ஒரு கதவே உங்கள் குளிரூட்டியை முழுதாக விழுங்கிவிடுகிறது.

பழைய மரக்கதவை விற்கவில்லை என்று நம்புகிறோம். அதைத் திரும்ப வெளியே மாட்டுங்கள். கண்ணாடி உள்ளே இருக்கட்டும். காலையில் திற, பகல் ஒரு மணிக்குச் சாத்து, சூரியன் இறங்கியபின் திற. கதவு போய்விட்டதென்றால் ஐந்தடி அகலத்தில் வெளிப்பந்தலும், அதன் முன்விளிம்பில் கீழே இறக்கும் மூங்கில் தட்டியும். வெளியே நிற்கும் மறைப்புத்தான் வேலை செய்யும். உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது.

அடுத்தது கூரை. ஓட்டுக்குக் கீழே சலாகைகளுக்கு அடியில் 25 முதல் 50 மில்லிமீற்றர் காற்று இடைவெளி, அதன்கீழ் அலுமினியத் தாள், அதன்கீழ் 50 மில்லிமீற்றர் பாறைப்பஞ்சு, கடைசியாகப் பலகை. தாளின் பளபளப்பான முகம் காற்று இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கிவிட்டால் தாள் இருந்தும் பயனில்லை. ஈரச் சுண்ணாம்பிலோ சீமெந்திலோ அது தொட்டால் அரித்துவிடும். சூடான காற்று முகட்டால் போக இரு கூம்புச் சுவர்களிலும் மேலே ஒரு திறப்பு வையுங்கள், வௌவால் புகாதபடி வலை போட்டு.

குளிரூட்டியைக் கூடத்துக்குப் போடாதீர்கள். 40 சதுர மீற்றர், ஐந்தரை மீற்றர் உயரம் என்றால் 220 கன மீற்றர் காற்று. குளிர்ந்த காற்று கீழே இறங்கி ஆளில்லாத கூடத்தில் தேங்கும், மேலே படுத்திருப்பவருக்கு வராது. 14 சதுர மீற்றர் படுக்கையறையை மட்டும் கண்ணாடித் தடுப்பும் கூரைப் பலகையும் போட்டு மூடினால் 35 கன மீற்றர்தான். அதற்கு 9,000 பிரியூ போதும். கூடத்துக்கு நீண்ட தண்டில் தொங்கும் பெரிய மின்விசிறி, இறக்கை தரையிலிருந்து எட்டடியில். குளிரூட்டியின் வெளிப்பெட்டி அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ளதாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவுங்கள்.

கே: நான் கனடாக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன். பிறந்தது மனையாவெளி. உட்துறைமுகப் பக்கம் பழைய கிட்டங்கி ஒன்றில் ஆறு வீடுகள் பிரித்து விற்பதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா?
— வாசகர், ரொறன்ரோ

ப: முன்பணம் கொடுக்க வேண்டாம். முதலில் நான்கு தாள்களைக் கேளுங்கள்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்ற முடியாது. சட்டம் வந்தபோது ஒரு விலக்கு இருந்தது: கூட்டாதன (கொண்டோமினியம்) மாடிக் கட்டடத்தில் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள வீட்டை, முழுப் பெறுமதியையும் வெளிநாட்டிலிருந்து அனுப்பிச் செலுத்தி வாங்கலாம். கிட்டங்கி இரண்டு தட்டுத்தான் இருக்கும், ஆகவே இன்றுள்ள விதியில் அந்த விலக்கு உங்களுக்கு உதவுமா என்று நொத்தாரிசு ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. திருகோணமலையில் பிறந்தவர் என்பது மட்டும் போதாது, இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். பெறும்வரை காத்திருங்கள். இங்குள்ள உறவினர் பெயரில் உறுதி எழுதி வைப்பது பின்னாளில் குடும்பம் பிரிவதற்கே வழி.

முதல் தாள் காணி உறுதியும் அதன் தொடர்ச்சியும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள காணிகளில் கணிசமானவை அரசுக்கும் துறைமுக அதிகார சபைக்கும் உரியவை. அப்படியான காணியில் குத்தகை மட்டுமே இருந்தால், மீதிக் காலம் எவ்வளவு, கைமாற்ற ஒப்புதல் உண்டா என்று பாருங்கள். கட்டடம் தனியாருடையது, நிலம் அரசினது என்ற கதையை நம்பாதீர்கள்.

இரண்டாவது கூட்டாதன வரைபடம். தனித்தனி வீடாக விற்க, 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமாடி வீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ் பதிந்த கூட்டாதனமாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது பிரிக்காத பங்கு. கூரை ஒழுகும்போது யார் செலவழிப்பது என்று ஆறு பேரும் வழக்காட நேரும்.

மூன்றாவது கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி. உயர் நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அதற்குள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதி வேண்டும்.

நான்காவது தொல்பொருள் திணைக்களத்தின் கடிதம். 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருட் சட்டத்தின் பார்வைக்குள் வரும். ஒல்லாந்தர் காலச் சுவர் ஒன்று உள்ளே இருந்தாலும் கதவு யன்னல் மாற்றக் கேட்டாக வேண்டும். பிரித்தானியர் காலத்துக் கட்டடம் என்றாலும் எழுத்தில் ஒரு பதில் வாங்கி வைத்திருப்பது நல்லது. இந்த நான்குக்கும் பிறகுதான் உள்ளூராட்சிச் சபையின் கட்டட அனுமதி. பாவனையைக் களஞ்சியத்திலிருந்து வதிவிடமாக மாற்றியதற்கான ஒப்புதலும் அதில் இருக்க வேண்டும்.

கே: கிட்டங்கியின் பழைய இரும்பு வளைகளை அப்படியே கறுப்புப் பெயின்ற் அடித்துக் காட்டலாமா? சில இடத்தில் கறள் தடித்திருக்கிறது.
— வாசகர், சீனக்குடா

ப: காட்டலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் கறளின்மேல் அடித்தால் ஒரு மாரியும் தாங்காது. முதலில் சுவருக்குள் புதைந்த நுனிகளைத் திறந்து பாருங்கள். நடுப்பகுதி நன்றாகத் தெரிய, நுனி பாதியாகத் தேய்ந்திருக்கும். கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும், அதனால் சுவரே அந்த இடத்தில் பிளந்திருக்கும். அந்தக் காலத்தில் தண்டவாளத் துண்டுகளையும் வளையாகப் போட்டிருக்கிறார்கள். அவற்றை ஒட்டிணைப்பு (வெல்டிங்) செய்யாதீர்கள், கரிமம் கூடிய உருக்கு வெடிக்கும், போல்ற்றால் இணையுங்கள்.

மணல் வீச்சால் வெள்ளி நிறம் தெரியும்வரை சுத்தம் செய்து, நான்கு மணித்தியாலத்துக்குள் முதற்பூச்சு. நாகம் (துத்தநாகம்) செறிந்த எப்பொக்சி 75 மைக்ரோன், அதன்மேல் எப்பொக்சி 125 மைக்ரோன், கடைசியாகப் பொலியுரேதேன் 50 மைக்ரோன். சுத்தம் செய்த இரும்பைக் கையால் தொடாதீர்கள். மாலையில் ஈரக்காற்று ஏறும்போது அடிக்காதீர்கள். புதிதாகப் போடும் தூண்களைச் சூட்டில் தோய்த்த நாகமுலாமாக வாங்குங்கள், 6 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த உருக்குக்கு முலாம் சராசரி 85 மைக்ரோன் இருக்க வேண்டும். கைப்பிடிக்கும் போல்ற்றுக்கும் கறள்பிடியா உருக்கு 316 கேளுங்கள். கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் 304, கடற்கரையில் அதில் சில மாதங்களிலேயே தேநீர் நிறக் கறை படிந்துவிடும்.

கே: கூரையில் பழைய அஸ்பெஸ்ரஸ் சீற். மேலே அழுத்தத் தண்ணீரால் கழுவிப் பெயின்ற் அடித்தால் போதுமா?
— வாசகி, பாலையூற்று

ப: கழுவவே கூடாது. அழுத்தத் தண்ணீர் நாரைக் கிளப்பிவிடும், அது காய்ந்ததும் காற்றில் பறந்து நுரையீரலில் நிரந்தரமாகத் தங்கும். வீடாக்குவதென்றால் முழுதாக இறக்கிவிடுங்கள். இறக்குமுன் சவர்க்காரம் கலந்த நீரை மெல்லத் தெளித்து நனையுங்கள். ஆணியை அறுத்து, சீற்றை உடைக்காமல், இழுக்காமல், எறியாமல் கைமாறி இறக்குங்கள். தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி ஒட்டுங்கள். சாதாரணத் துணி முகமூடி உதவாது, எஃப்எஃப்பி3 வகை வேண்டும். வேலைசெய்தவர்களின் உடுப்பை வீட்டுத் துணியோடு தோய்க்க வேண்டாம். உடைந்த துண்டுகளால் பாதைக் குழி நிரப்பும் பழக்கம் இங்கே இருக்கிறது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த வழியால் பிள்ளைகள் நடக்கிறார்கள்.

கே: குரங்குகள் ஓட்டைப் புரட்டி உடைக்கின்றன. தகரக் கூரைக்கு மாறலாமா?
— வாசகர், அலஸ்தோட்டம்

ப: தகரம் சத்தமும் சூடும். மூன்றாவது வரிக்கு ஒருமுறையும், விளிம்பு, முகட்டு வரிகள் முழுவதிலும் ஓட்டைச் செப்புக்கம்பியால் சலாகையோடு கட்டுங்கள். புயலுக்கும் இதே கட்டுத்தான் பாதுகாப்பு. 1964 மார்கழியில் இந்த ஊர் கண்ட புயலை முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். கூரைக்கு மேல் சாயும் கிளையை ஆறடி தள்ளி வெட்டுங்கள்.

கே: மேல்தட்டில் குளியலறை வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் கட்டிய நண்பர் வீட்டில் கீழ்க்கூரை ஒழுகி நாற்றமும் வருகிறது. எங்கே பிழைக்கிறது?
— வாசகர், கிண்ணியா

ப: பெரும்பாலும் சரிவில். 110 மில்லிமீற்றர் கழிவுக் குழாய்க்கு 40க்கு 1 சரிவு வேண்டும். நாலு மீற்றர் தூரம் போனால் 100 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். தட்டின் தடிப்புக்குள் அது அடங்காது என்று குழாயை மட்டமாக விட்டுவிடுகிறார்கள், அங்கே தேங்குகிறது. குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே, வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள், குழாய் உடனே செங்குத்தாக இறங்கிவிடும்.

நாற்றத்துக்குக் காரணம் காற்றுக் குழாய் இல்லாமை. மலசலக் குழாயில் தண்ணீர் பாயும்போது பின்னால் காற்று இழுபட்டு, நாற்றம் ஏறாமல் தடுக்கத் தரைப் பொறியில் (தரை வடிகாலின் வளைவில்) நிற்கும் 50 மில்லிமீற்றர் நீரையும் உறிஞ்சிவிடும். கூரைக்கு மேல் திறந்திருக்கும் காற்றுக் குழாய் ஒன்று அதைத் தடுக்கும்.

மரத்தட்டின்மேல் நேரே ரைல்ஸ் ஒட்டாதீர்கள், மரம் அசையும், இடைவெளி வெடிக்கும். 18 மில்லிமீற்றர் கடல்தர ஒட்டுப்பலகை, அதன்மேல் சீமெந்துப் பலகை, பிறகு நெகிழும் நீர்த்தடுப்பை இரண்டு தடவை, சுவரில் ஓரடி ஏற்றி, மூலைகளில் வலைத்துணி பதித்து. ரைல்ஸ் ஒட்டுமுன் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விடுங்கள். கீழே ஒரு துளி தெரிந்தாலும் திரும்பச் செய்யுங்கள்.

தண்ணீர்த் தாங்கியைப் பழைய சுவரின்மேல் ஏற்ற வேண்டாம், 1,000 லீற்றர் ஒரு தொன். வெளியே தனிக் கோபுரத்தில் வையுங்கள். அதன் அடிமட்டம் மேல்மாடிக் குளியற் பூவாளிக்கு மூன்று மீற்றராவது மேலே இல்லாவிட்டால் சிறு அழுத்தப் பம்பி ஒன்று தேவைப்படும். மலக்குழியும் கசிவுக்குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி. கிட்டங்கிக்கு முன்னர் மலக்குழியே இருந்திராது, ஆகவே அதற்கான இடத்தை முற்றத்தில் முதலில் குறியுங்கள், வாகனத் தரிப்பிடத்தைப் பிறகு பாருங்கள்.

கே: கீழே திறந்த சமையலறை, மேலே திறந்த படுக்கைத் தட்டு, நடுவில் சுழல்படி. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆபத்து ஏதும் உண்டா?
— வாசகி, நிலாவெளி

ப: உண்டு. சமையலறையில் தீப்பிடித்தால் புகை முதலில் நிரம்புவது நீங்கள் படுத்திருக்கும் இடத்தில். இறங்கும் ஒரே வழி தீக்குப் பக்கத்தால் போகிறது. மேல்தட்டிலிருந்து இரண்டாவது வழி ஒன்று வேண்டும். கீழ்க்கூரைக்கோ விறாந்தைக்கோ திறக்கும், ஆள் நுழையக்கூடிய, உள்ளிருந்து சாவியில்லாமல் திறபடும் யன்னல் போதும். புகை எச்சரிக்கைக் கருவி மேல்தட்டின் கூரையில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரை வெளியே வைத்துக் குழாயால் கொண்டுவாருங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சமையலறைச் சுவரில் தரைமட்டத்தில் ஒரு காற்றுத்துளை வேண்டும்.

தட்டைத் தாங்கும் உருக்கு 550 பாகையில் ஏறக்குறைய பாதிப் பலத்தை இழக்கும். அடுப்புக்கு நேர் மேலே உள்ள பீமை இரட்டை ஜிப்சம் பலகையால் மூடுங்கள். கனத்த முதிரை வளை மேலே கருகினாலும் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத்தான் உள்ளே எரியும், ஓடித் தப்ப நேரம் தரும். சுழல்படிக்குப் பதில் நேர்ப்படி வையுங்கள்: ஏற்றம் 175, மிதி 250 மில்லிமீற்றர். மெத்தையையும் அதில்தான் ஏற்ற வேண்டும். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் 100 மில்லிமீற்றருக்கு மேல் விடாதீர்கள், குழந்தையின் தலை நுழையும்.

கே: வேலையை எந்த மாதம் தொடங்கலாம்?
— வாசகர், சாம்பல்தீவு

ப: மார்கழி மழைக்குள் ஒருமுறை, வேலை தொடங்குமுன், கட்டடத்துக்குள் நின்று எங்கெங்கே ஒழுகுகிறது என்று சுவரில் கரியால் குறியுங்கள். வெயில் காலத்தில் எந்தப் பொறியியலாளர் வந்தாலும் அதைப் பார்க்க முடியாது. தை கடைசியில் வெளி வடிகாலும் நிலமட்டமும். மாசி, பங்குனியில் கூரை. சித்திரையிலிருந்து ஆவணிவரை உருக்கு, மரத்தட்டு, குழாய், மின்கம்பி. சுண்ணாம்புச் சுவரை வெட்டிக் கம்பியைப் புதைக்காமல் வெளிக்குழாயில் கொண்டுபோங்கள். மூன்று கட்ட இணைப்புக்கான விண்ணப்பத்தையும் இந்த இடைவெளியில் கொடுத்துவிடுங்கள், குளிரூட்டியும் பம்பியும் சேர்ந்தால் ஒருகட்ட 30 அம்பியர் இழுபறிப்படும். ஈரமான அடிச்சுவரை அந்த வருடம் பூசாதீர்கள். பீலியையும் இறங்கு குழாயையும் புரட்டாதிக்குள் முடித்துவிட்டு, அடுத்த மாரியில் பழைய கரிக்குறிகளைத் திரும்பப் பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தால் மட்டும், மாரி கழிந்து தை பிறந்ததும் உட்பூச்சைத் தொடங்கலாம்.